கட் இல்லாத ஒரு வாரம்

நாள் 1: ஒஸ்லோ

இருபத்திரண்டு வருடமாக எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து சோறு தின்பவன் நான். அதில் பதினைந்து வருடம் மெகா சீரியல். மாமியார் கதவைத் திறப்பாள். மருமகள் திரும்புவாள். மாமனார் கையில் காபி டம்ளர் ஆடும். மறுபடி மாமியார், மறுபடி மருமகள், மூன்று இடி. எல்லாம் பத்து நொடிக்குள் முடிந்தாக வேண்டும். “ஷாட் நாலு செகண்டுக்கு மேல நின்னா ஜனங்க ரிமோட்டைத் தேடுவாங்க” என்பது நான் தொழில் கற்ற இடத்தில் வேதவாக்கு.

இப்படிப்பட்ட ஆளுக்கு நார்வேயில் என்ன வேலை? காரணம் ஒரு ஹார்ட் டிஸ்க். 2009 நவம்பர் 27 அன்று நார்வே அரசு ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. ஒரு காரியம் செய்தது. பெர்கனிலிருந்து ஒஸ்லோ வரும் ரயிலின் பயணத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை, ஏழே கால் மணி நேரமும் அப்படியே போட்டது. கதை இல்லை, போட்டி இல்லை, யாரும் அழவில்லை. ரயில் போகிறது, அவ்வளவுதான். எஞ்சின் முகப்பில் கட்டிய கேமராவின் காட்சியைப் பிறகு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இலவசமாக இணையத்தில் விட்டார்கள். எங்கள் ஸ்டுடியோவில் ஒரு பையன் அதை இறக்கி வைத்திருந்தான்.

நைட் ஷிப்டில் ரெண்டர் ஓடும்போது இரண்டாவது மானிட்டரில் அதைப் போட்டுவிடுவோம். டீ கொண்டு வரும் தம்பி ஒருநாள் தட்டோடு நின்றுவிட்டான். ஐந்து நிமிடம் அசையவில்லை. ரயில் ஒரு குகைக்குள் போனது. “அண்ணே, இந்தக் குகை முடிஞ்சா என்ன வரும்?” என்றான். நான் இடி வைத்து, வயலின் வைத்து, ஸ்லோ மோஷன் வைத்து வரவழைக்கப் பார்க்கும் கேள்வி அது. எந்தக் ‘கட்’டும், அதாவது ஷாட் மாற்றமும், இல்லாத ஒரு குகை அதை அவனிடமிருந்து சும்மா வாங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட.

பல வருடம் சீட்டுக் கட்டிய பணம் இந்த ஜூனில்தான் கைக்கு வந்தது. ஒஸ்லோ வந்ததும் முதல் வேலையாக மரியென்லிஸ்ட் என்ற பகுதியில் இருக்கும் என்.ஆர்.கே. தலைமையகத்தின் முன்னால் போய் நின்றேன். பார்க்க ஒன்றுமில்லை. பெரிய கட்டடம், சைக்கிள் ஸ்டாண்டு, புகைபிடிக்க வெளியே வந்த இரண்டு பேர். எல்லா ஊர் டிவி ஆபீஸ் வாசலும் ஒன்றுதான் போல.

வாசலில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே விளம்பர இடைவேளை கிடையாது. 1933-இல் வானொலியாகத் தொடங்கிய நிறுவனம். 1960-இல் முறையான டிவி. 1992-இல் தனியார் போட்டி வரும்வரை தேசிய டிவி என்றால் இது ஒன்றுதான். டிவி வைத்திருக்கும் வீடுகள் வருடந்தோறும் லைசென்ஸ் கட்டணம் கட்டிவந்தன. 2020 முதல் அந்தக் கட்டணம் போய், செலவு வரிப்பணத்தில் நடக்கிறது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு எபிசோடும் பிரேக்கை வைத்துத்தான் கட்டப்படுகிறது. பிரேக்குக்கு முன்னால் ஆளைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி, பிரேக் முடிந்ததும் அதே கொக்கியை இன்னொரு தடவை. பிரேக்கே இல்லையென்றால் கொக்கி எதற்கு? ஏழே கால் மணி நேர ரயிலை யோசிக்கும் துணிச்சல் வந்ததில் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கட்சி. மீதிப் பாதிக்காக நாளைக்கு ரயிலேறுகிறேன்.

நாள் 2: ஒஸ்லோ – பெர்கன்

படம் பெர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு. நான் போவது ஒஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு. பத்துப் பதினைந்து வருடமாகத் துண்டு துண்டாகப் பார்த்த படம் இன்று எனக்குப் பின்னோக்கி ஓடியது. போதாக்குறைக்கு நான் பார்ப்பது பக்கவாட்டு ஜன்னல் வழியாக. தண்டவாளம் கண்ணுக்கே தெரியவில்லை. படத்தில் தண்டவாளம்தான் கதாநாயகன். முதல் இரண்டு மணி நேரம் ஏதோ ஏமாற்றப்பட்ட மாதிரியே இருந்தது.

மலை ஏற ஏற மரங்கள் குட்டையாகி, ஒரு கட்டத்தில் நின்றுபோயின. ஃபின்சே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்திலும் ஏரியில் பனிக்கட்டிப் பாளங்கள். ரயில் நின்றதும் பாதிப் பெட்டி இறங்கி போட்டோ எடுத்தது. நானும் இறங்கினேன். காது இரண்டும் சில்லிட்டு, ஒரு நிமிடத்தில் திரும்ப ஏறிவிட்டேன்.

இந்தப் பாதையில் 180-க்கும் மேல் குகைகள். ரயில்பாதைக்காரர்களுக்கு அது சாதனை, டிவிக்காரனுக்குத் தலைவலி. திரை கறுப்பாகிவிடுமே! அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. குகை வரும்போதெல்லாம் பழைய ஆவணக் காட்சிகளைப் போட்டார்கள்: பனியில் பாதை வெட்டிய கூலியாட்கள், பழைய நீராவி எஞ்சின்கள், அந்தக்காலப் பயணிகள். வெளிச்சம் வந்ததும் மறுபடி ரயில். ஆக மலையே கட் சொல்கிறது, எடிட்டர் கீழ்ப்படிகிறார். இதை நான் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இது பிறந்த கதையும் சுவாரசியம். பெர்கன் கிளையைச் சேர்ந்த தாமஸ் ஹெல்லும், ரூனே மெக்லெபுஸ்ட் என்ற இருவர் இதற்கு மூலகாரணம். 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்த நாளை நிமிடத்துக்கு நிமிடம் காட்டினால் என்ன என்று ஒரு மதியச் சாப்பாட்டுப் பேச்சு. அதற்கு நேரம் போதாது என்று தெரிந்தது. போர் போனது, ‘நிமிடத்துக்கு நிமிடம்’ மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. பெர்கன் ரயில்பாதைக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று யாரோ நினைவுபடுத்த, சரக்கு மாறியது. பாதை திறந்தது 1909 நவம்பர் 27. ஒளிபரப்பும் அதே தேதியில், அதுவும் வெள்ளிக்கிழமை பிரைம் டைமில். நள்ளிரவுக்குப் பிறகு ஒப்புக்குப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐம்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் இருந்த நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் கொஞ்ச நேரமாவது பார்த்தார்கள்.

ஒரு விஷயத்தைப் பலபேர் தப்பாகச் சொல்கிறார்கள். அது நேரலை இல்லை. முன்பே எடுத்து வைத்த படம். அன்று ரயில் எங்கே போய்க்கொண்டிருந்ததோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் பார்த்தவர்களுக்கு அது தாங்களே போன பயணம். 76 வயதுப் பெரியவர் ஒருவர் முழுவதையும் பார்த்து முடித்து, ரயில் கடைசி நிலையத்தில் நின்றதும், மேலே இருந்த பெட்டியை எடுக்க எழுந்திருக்கிறார். திரைச்சீலைக் கம்பியில் தலை முட்டிய பிறகுதான் தன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறோம் என்பது உறைத்திருக்கிறது. ஹெல்லும் மேடையில் சொன்ன கதை இது. நான் எந்த டிஆர்பி எண்ணையும் இதற்கு ஈடாக வாங்கிக்கொள்ளமாட்டேன்.

பெர்கனில் ரயில் நின்றதும் என் பெட்டியை எடுக்கும்போது மேலே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

நாள் 3: பெர்கன்

மழை. இந்த ஊரில் மழை செய்தியே இல்லையாம். மீன் சந்தையில் ஒரு கிண்ணம் சூப்பின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, பேரங்காடியில் ரொட்டியும் பிரவுன் சீஸும் வாங்கிக்கொண்டேன். சீஸ் பால்கோவாவைத் தீய விட்ட மாதிரி ருசி. எனக்குப் பிடித்துவிட்டது.

மாலையில் கப்பல். பெர்கனிலிருந்து வடக்கே ரஷ்ய எல்லையோரம் இருக்கும் கிர்கெனெஸ் வரை, 34 துறைமுகம் தொட்டுப் போகும் கடலோரக் கப்பல் சேவை. பெயர் ஹுர்திகுருட்டன். அர்த்தம் ‘விரைவுப் பாதை’. ரயிலைப் போல நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் நிகழ்ச்சிகளை ‘ஸ்லோ டிவி’, மந்தமான டிவி என்கிறார்கள். அதன் மிகப் பெரிய வெற்றி இந்தக் கப்பல் பயணம்தான், அதற்குப் பெயர் விரைவு.

டிக்கெட் எடுக்கும்போது நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இருப்பதிலேயே மலிவான அறை எது என்று மட்டும் பார்த்து வாங்கினேன். கதவைத் திறந்தால் ஜன்னல் இல்லை! ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரைச்சீலை, பின்னால் சுவர். உலகத்தின் அழகான கடற்கரைகளில் ஒன்றைப் பார்க்க வந்தவன் குகைக்குள் படுத்திருக்கிறேன். சுவரில் ஒரு டிவி. ஒன்றாம் சேனலில் கப்பல் மூக்கில் பொருத்திய கேமராவின் காட்சி, இருபத்து நாலு மணி நேரமும். அதைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். துறைமுகம் மெல்ல விலகியது. படுத்தபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல், நாற்பது நிமிடம்.

நாள் 4: ஓலெசுண்ட் தாண்டி

2011 ஜூன் 16 மாலை, ‘நூர்நோர்கெ’ என்ற கப்பல் இதே பெர்கனிலிருந்து 11 கேமராக்களோடு கிளம்பியது. இந்தத் தடவை நிஜமான நேரலை. 134 மணி நேரம் 42 நிமிடம், இரவும் பகலும் விடாமல். ஜூன் ஏன் என்றால் வடக்கே இரவிலும் வெளிச்சம் போவதில்லை, கேமராவுக்கு ஓய்வு வேண்டாம். ஒரு கட்டத்திலாவது பார்த்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். பாதி நாட்டுக்கும் மேல்! அதுவும் என்.ஆர்.கே.யின் இரண்டாவது சேனலில்.

கப்பலின் வைஃபை தயவில் அந்தப் பழைய ஒளிபரப்பைப் போனில் திறந்து, கப்பல் இருக்கும் இடத்துக்கே நகர்த்தி, மேல்தளத்தில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன் தம்பதி என்னை விநோதமாகப் பார்த்தார்கள். எதிரே நிஜ மலை இருக்க, அதே மலையைக் கையளவு திரையில் பார்க்கும் ஆளை வேறெப்படிப் பார்ப்பது?

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றுதான்: இதில் கட் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது. முன்பக்கக் கேமரா, கரையைத் துழாவும் கேமரா, மாலுமி அறை, பயணிகள், மேலிருந்து ஒரு பார்வை. பதினொரு கேமரா இருந்தால் யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றித்தான் ஆகவேண்டும். ‘எடிட்டிங்கே இல்லாத டிவி’ என்று ஊரில் நான் அளந்ததெல்லாம் பொய். அவர்கள் வெட்டாமல் விட்டது ஷாட்டுகளை இல்லை, காலத்தை. பாதையில் ஒரு நிமிடம்கூட விழுங்கப்படுவதில்லை. பத்து நிமிடத்தில் கடக்கிற தூரம் உங்களுக்கும் பத்து நிமிடம்தான்.

இன்னொன்று, ஷாட்டை நிறுத்தி வைக்கும் பொறுமை. கரையில் ஒரு மாடு நடந்து போகும். கேமரா அதை விடாது. முதலில் மாடு. ஒரு நிமிடம் போனால், இது எங்கே போகிறது? இன்னும் கொஞ்சம் போனால், இதன் வீடு எங்கே, வீட்டுக்காரன் ஏன் தேடவில்லை? மாடு எதுவும் செய்யவில்லை. கதை முழுவதும் பார்ப்பவன் தலைக்குள் ஓடுகிறது. நாலாவது நொடியில் நான் கட் அடித்திருந்தால் அது வெறும் மாடு.

பதினைந்து வருடத்தில் எத்தனை மாடுகளை வெட்டியிருப்பேன் என்று யோசித்தபடி ராத்திரி ரொட்டி தின்றேன்.

(ஓலெசுண்ட் அழகான ஊர். 1904 தீவிபத்தில் எரிந்து, ஒரே பாணியில் திரும்பக் கட்டப்பட்டது. கோபுரங்களும் கொடிவேலைப்பாடுமாக இருக்கிறது. நான் சரியாகப் பார்க்கவில்லை, மாட்டிலேயே இருந்துவிட்டேன்.)

நாள் 5: ட்ரான்ஹெய்ம்

1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் இந்தச் சேவையின் முதல் கப்பலைக் கிளப்பியது இந்த ஊரிலிருந்துதான். அதுவரை கடலோர வடக்குக்குக் கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும்.

கப்பல் மூன்று மணி நேரம் நிற்கிறது என்று நடந்தே போய் ‘எங்கள் மாதா’ தேவாலயத்தைப் பார்த்தேன். 2014 நவம்பர் கடைசியில் இங்கேதான் நார்வே திருச்சபையின் பாடல் புத்தகம் முழுவதையும், முதல் பாட்டிலிருந்து 899-ஆவது பாட்டு வரை, நேரலையில் பாடினார்கள். அறுபது மணி நேரம். பாடகர் குழுக்கள் மாறி மாறி வந்து, ராத்திரி மூன்று மணிக்கும் பாட்டு. நம் ஊரில் அகண்ட நாமசங்கீர்த்தனம் கேட்டவர்களுக்கு இது புதிதாகப் படாது. அதை டிவியில் முழுதாகப் போட்டதுதான் புதிது.

ரயிலுக்கும் கப்பலுக்கும் பிறகு என்.ஆர்.கே. சும்மா இருக்கவில்லை. 2013 பிப்ரவரியில் ‘தேசிய விறகு இரவு’: பன்னிரண்டு மணி நேரம். முதலில் விறகு வெட்டுவது, அடுக்குவது பற்றிப் பேச்சு. பிறகு எட்டு மணி நேரம் அடுப்பில் விறகு எரிகிறது. குறுஞ்செய்திகள் குவிந்தனவாம். பட்டை மேலே பார்க்க வைத்தது தப்பு என்று பாதிப்பேர், கீழே பார்க்க வைத்தது தப்பு என்று மீதிப்பேர். அதே வருடம் நவம்பரில் பின்னல் இரவு. ஆட்டு மயிரைக் கத்தரித்து, நூல் நூற்று, ஸ்வெட்டர் பின்னி முடிக்க ஆஸ்திரேலியர்கள் வைத்திருந்த 4 மணி 51 நிமிட சாதனையை முறியடிக்கப் பார்த்தார்கள். எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோல்வி. அந்த வருடத்தின் சொல்லாக நார்வே மொழி மன்றம் தேர்ந்தது ‘சக்தெ’ டிவியை. சக்தெ என்றால் மெதுவாக.

என் அபிப்பிராயம் சொல்லட்டுமா? விறகு சரி, அது எரிந்து முடியும். பின்னல் எனக்கு ஒட்டவில்லை. கடிகாரத்தை ஓடவிட்டு, சாதனை முறியுமா என்று கேட்ட நிமிடமே பழைய கொக்கி திரும்ப வந்துவிட்டது. ரயிலில் யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை.

நாள் 6: வட்டத்துக்குள்

காலை ஏழு மணி சுமாருக்கு ஆர்க்டிக் வட்டம். ஒரு பாறைத்தீவில் இரும்பு உலக உருண்டை, எல்லோரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். பிறகு கடல்தேவன் வேடம் போட்ட ஆள் ஒவ்வொருவர் சட்டைக்குள்ளும் முதுகில் ஐஸ் கொட்டினார். எனக்கும் கொட்டினார். எழுத மாட்டேன் என்று இருந்தேன்.

மதியம் போடோ. ஊருக்குச் சற்றுத் தெற்கே சால்ட்ஸ்ட்ரௌமன் என்ற கடல் இடுக்கு இருக்கிறது. உலகத்தின் மிக வலுவான அலையேற்றச் சுழல்களில் ஒன்று. அந்தத் தண்ணீரையும் 2016-இல் பன்னிரண்டு மணி நேரம் நேரலையில் காட்டினார்கள். கப்பல் காத்திருக்காது என்பதால் நான் போகவில்லை.

ராத்திரி ட்ரோல்ஃபியோர்டு, மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல். நூறு மீட்டர் அகல வாய்க்குள் இத்தனை பெரிய கப்பல் நுழைந்து, உள்ளேயே சுற்றித் திரும்பி வருகிறது. நள்ளிரவில் பாறை உச்சியில் வெயில். 2011-இல் இதே இடத்துக்குச் சின்னப் படகுகள் கூட்டமாக வந்து கையசைத்த காட்சியைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயணத்தின் பின்பாதி முழுக்க அப்படித்தான். டிவியில் கப்பல் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள், தங்கள் ஊர் நெருங்கியதும் வீட்டை விட்டு ஓடி வந்தார்கள். பதாகை, பேண்டு வாத்தியம், கரையிலிருந்து தண்ணீரில் குதிப்பவர்கள். ராணி சோன்யாகூட அரச படகிலிருந்து கையசைத்தார். நிகழ்ச்சி தயாரிப்பாளர்கள் கூப்பிட்ட கூட்டம் இல்லை இது. பார்வையாளர்களே எழுந்து படத்துக்குள் நடந்து வந்துவிட்டார்கள்.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. மலையும் கடலும் போய்த் திருவிழாவாகிவிட்டதே என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தூக்கம் வராமல் படுத்திருந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. என்.ஆர்.கே.யில் அந்தக்காலத்தில் நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் மீன் தொட்டியைக் காட்டுவார்களாம். ‘இடைவேளை மீன்’ என்று அதற்குப் பெயரே உண்டு. பிரிட்டனின் பிபிசி 1950-களில் குயவர் சக்கரம் சுழல்வதைக் காட்டியது. நமக்கு வாய்த்தது ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. அதையும்தான் விடாமல் பார்த்தோம், எழுந்து போனால் ஒலியும் ஒளியும் தவறிவிடுமே என்று. மந்தமான டிவி நார்வேயின் புது யோசனை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இடைவேளை மீனைப் பிரைம் டைமுக்கு உட்காரவைத்ததுதான் புது யோசனை.

நாள் 7: ட்ரோம்சோ

ஊர் நன்றாக இருந்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை. கப்பலில் இருந்த ஸ்வீடன்காரர் ஒருவரோடு பேச்சு. அவர் நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.வி.டி. 2019 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் காட்டுமான்கள் ஆற்றைக் கடப்பதை வாரக்கணக்கில் இரவு பகலாக நேரலையில் விடுகிறது. “பெரும்பாலும் மான் இருக்காது. ஆறு மட்டும் ஓடும். என் மனைவி லீவு போட்டுப் பார்ப்பாள்” என்றார். மான் தண்ணீரில் கால் வைக்கும் நேரம் சமையலறையிலிருந்து ஓடிவருவார்களாம்.

பிபிசியும் 2015-இல் கால்வாய்ப் படகு ஒன்றை இரண்டு மணி நேரம் ஓடவிட்டது. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு இங்கே வட நார்வேயின் காரஷோக்கில் பனிச்சறுக்கு வண்டிப் பயணம் எடுத்துப் போட்டது. 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் என்.ஆர்.கே. படங்களையே வாங்கி அடுக்கியது. ஆனால் பாட்டுப் போட்டியும் வினாடிவினாவும் ஐரோப்பாவிலிருந்து நாடு நாடாக ஃபார்மேட்டாக விலைபோன மாதிரி இது போகவில்லை. விற்க என்ன இருக்கிறது? அரங்க வடிவம் இல்லை, விதி இல்லை, இசை முத்திரை இல்லை. ‘உங்கள் ஊர் ரயிலில் கேமரா கட்டுங்கள்’ என்பதற்கு யார் உரிமைத்தொகை கொடுப்பார்கள்? தவிர, அந்த ரயிலில் அந்த ஊர்க்காரன் ஒருமுறையாவது போயிருக்க வேண்டும். பெர்கன் ரயிலில் போகாத நார்வேக்காரர் குறைவு. டிவி அவர்களுக்குப் புது ஊர் எதையும் காட்டவில்லை. முன்பே பார்த்ததைத்தான் திரும்பப் பார்க்க வைத்தது.

நாள் 8: ஹாமர்ஃபெஸ்டிலிருந்து போட்ஸ்ஃபியோர்டு வரை

மரமே இல்லை. பாறை, பாசி, கடல், நடு நடுவே கலைமான் கூட்டம். 2017 ஏப்ரலில் சாமி பழங்குடியினரின் கலைமான்கள் குளிர்கால மேய்ச்சலிலிருந்து கடற்கரைக்கு வருவதை என்.ஆர்.கே. நேரலையில் காட்டியது. மான்கள் ஒரு இடத்தில் நின்றுவிட்டன. மேய்ப்பவர்கள் அவற்றை விரட்டமாட்டார்கள், மான் போகும்போதுதான் மனிதனும் போவான். கடைசியில் ஒளிபரப்பையே நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள். எங்கள் சேனலில் மானையே மாற்றியிருப்போம்.

மதியம் பொது அறையில் ஒரு அம்மா. ட்ரோம்சோவில் ஏறியவர், அறுபது வயதிருக்கும், ஸ்வெட்டருக்குமேல் சால்வை. என் போனில் ஓடிய ஒளிபரப்பைத் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

“தம்பி இந்தியாவோ?”

யாழ்ப்பாணத் தமிழ். நான் தமிழ் பேசி எட்டு நாளாகியிருந்தது. மகளைப் பார்த்துவிட்டுப் போட்ஸ்ஃபியோர்டு திரும்புகிறாராம். வடக்கின் இந்த மீன்பிடி ஊர்களுக்கு எண்பதுகளிலிருந்தே ஈழத்தமிழர்கள் வந்து மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். பார்த்தது இன்றுதான்.

“முப்பத்து மூண்டு வருசம் மீன் வெட்டினனான். இப்ப கை ஏலாது.”

நானும் வெட்டுகிற வேலைதான் அக்கா என்றேன். சிரித்தார். போனில் என்ன என்று கேட்டார், சொன்னேன்.

“ஓம், அந்த டிவிக் கப்பல்! எங்கட ஊருக்கு நடுச்சாமத்தில வந்தது. வெயில் எறிச்சுக் கொண்டு நிண்டது. ரண்டு நாளா டிவியைப் பாத்துப் பாத்து, இப்ப எங்க நிக்குது, இப்ப எங்க நிக்குது எண்டு பெடியள் ஒரே கரைச்சல். பக்டரியில ஷிப்ட் முடிஞ்ச ஆக்கள் அந்த வெள்ளைச் சப்பாத்தோடயே துறைக்குப் போனவை. நாங்களும் போனனாங்கள்.”

“கையசைச்சீங்களா?”

“பின்ன? ஒஸ்லோவிலயிருந்து தங்கச்சி உடன ஃபோன் எடுக்கிறாள். ‘அக்கா, உன்னைக் கண்டனான், நீலச் சால்வை’ எண்டு. அவ எங்கட ஊரை அதுக்கு முன்னம் பாத்ததே இல்லை, தம்பி. வா வா எண்டு எத்தினை வருசமாக் கேட்டனான். தூரம் எண்டுவாள். அண்டைக்குத்தான் பாத்தவள், டிவியில.”

அதற்குப் பிறகு தங்கை வந்தாரா என்று கேட்டேன். “எங்க வந்தவள்!” என்று கையை விரித்தார்.

நிகழ்ச்சியின் பின்பாதியைத் திருவிழா என்று நான் ஒதுக்கியது இந்தப் பேச்சோடு போனது. அந்தக் கூட்டக் காட்சிகளில் என் கண்ணுக்குப் பட்டது கை ஆட்டும் தலைகள். பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்கு ஒவ்வொரு தலைக்கும் பெயர் தெரிந்திருக்கிறது. எடிட்டர் அதை அறியமாட்டான். அறியாதவன் கத்தரியை எடுக்காமல் இருந்ததால் ஒரு தங்கை நீலச் சால்வையைக் கண்டுபிடித்தாள்.

நள்ளிரவு தாண்டிப் போட்ஸ்ஃபியோர்டு. வெயில். அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிவரை போனேன். கப்பல் அரை மணிகூட நிற்கவில்லை. துறையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட், இரண்டு கார். அக்கா காரில் ஏறும்முன் திரும்பிக் கையசைத்தார். அவர் போன பிறகு போட்ஸ்ஃபியோர்டைப் பழைய ஒளிபரப்பில் தேடிப் பார்த்தேன். கூட்டம் இருந்தது. நீலச் சால்வைகள் நாலைந்து.

நாள் 9: கிர்கெனெஸ்

காலை ஒன்பதுக்குக் கப்பல் நின்றது. அறிவிப்புப் பலகைகளில் நார்வேஜியனோடு ரஷ்ய எழுத்துகளும். எனக்கு மதியம் விமானம், ஒஸ்லோவுக்கு இரண்டு மணி நேரம். ஆறு நாள் வந்த தூரம்.

பெட்டியை எடுக்க அறைக்கு வந்தேன். ஜன்னல் இல்லாத அறையில் டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூக்குக் கேமராவில் துறைமுகம். மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாதி சுருட்டி, நிறுத்தி, யாரிடமோ ஏதோ பேசினார். அந்த ஆள் திரைக்கு வெளியே. மறுபடி சுருட்டினார். ஒரு கடற்காகம் வந்து கம்பத்தில் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. இன்னும் நாலு சுற்று இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தேன்.

கதவு தட்டும் சத்தம். துடைப்பமும் துணிமூட்டையுமாக ஒரு பெண். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், அறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றாள். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் கதவில் சாய்ந்துகொண்டு, மூன்றாவது சுற்று வரை நின்றாள்.